சலூன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள்

(மதுரை ஆரப்பாளையத்தில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டு வாழ்க்கை பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். இந்தக் கூட்டத்தில் துபாயிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். விசா, சம்பளம், சாப்பாடு, கங்காணி பற்றியெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்ல உங்களால் முடியும். அதனால் நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அங்கே போய் முடி வெட்டிக்கொள்வது.

போன புதிதில் ஒரு மாதம் ஓடிவிடும். ஊரிலிருந்து கிளம்பும்போதே ஒட்ட வெட்டிக்கொண்டுதான் கிளம்பியிருப்பீர்கள். இரண்டாம் மாதம் முடி காதை மூட ஆரம்பிக்கும், பிடரியில் அரிக்கும். சாப்பாட்டை அறையிலேயே பொங்கிக்கொள்ளலாம், துணியை நாமே துவைத்துக்கொள்ளலாம். தலையை மட்டும் இன்னொருவர் கையில் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தக் கையில் கத்தி இருக்கும். அவர் பேசுகிற மொழி நமக்குத் தெரியாது.

இங்கே ஆரப்பாளையத்தில் பல வருஷமாக ஒரே கடைக்குப் போகிற ஆளை நினைத்துப் பாருங்கள். உள்ளே நுழைந்ததும், "வாங்கண்ணே, உட்காருங்க, இந்தா இவருக்கு முடிஞ்சிருச்சு" என்பார் கடைக்காரர். பெஞ்சில் கிடக்கிற தினத்தந்தியை எடுத்துப் புரட்டுவோம். முறை வந்து நாற்காலியில் ஏறினால், எப்படி வெட்டணும் என்று அவர் கேட்பதே இல்லை. உச்சியில் இரட்டைச் சுழி இருப்பதும், காதுக்குப் பின்னால் சின்ன வயதில் விழுந்து வாங்கிய தழும்பு இருப்பதும், கிருதாவை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதும் அவர் விரலுக்கே தெரியும். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, பையன் எந்தக் காலேஜில் சேர்ந்தான் என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் படிகாரக் கட்டியைத் தண்ணீரில் நனைத்து மோவாயில் தேய்த்துவிட்டு, கழுத்தில் பவுடர் போட்டு, துண்டை உதறுவார். வேலை முடிந்தது.

வெளியூரில் இந்த அறிமுகம் முழுவதும் ஒரு நம்பரில் அடங்கிவிடுகிறது. மெஷினில் மாட்டுகிற சீப்புக்கு நம்பர் உண்டு. 1 என்றால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் முடி மிஞ்சும், 2 என்றால் 6, 4 என்றால் 13. புதிதாக வெளிநாடு போகிற பையன்களுக்கு நான் இதைச் சொல்லி அனுப்புவதுண்டு. சைடுக்கு ஒரு நம்பர், மேலுக்கு ஒரு நம்பர், அவ்வளவு சொல்லத் தெரிந்தால் மொழி இல்லாமலே தப்பித்துவிடலாம். துருக்கிக்காரர் கடையில் உட்கார்ந்தால் இன்னொன்றுக்கும் தயாராக இருக்க வேண்டும். ஷேவிங் முடிந்ததும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் காதோரம் பட்டுப் பட்டென்று தட்டுவார்கள். காதில் முளைத்த பூனைமுடி பொசுங்கிப் போகும். பிறகு எலுமிச்சை வாசம் வீசும் கொலோனைக் கையில் ஊற்றி முகத்தில் தடவிவிடுவார்கள். ஜப்பானில் 1996-இல் தொடங்கிய கியூபி ஹவுஸ் என்கிற கடைகளில் 10 நிமிஷத்தில் எழுப்பி அனுப்பிவிடுவார்கள். தலையை அலசுவதில்லை. ஒரு குழாய் வந்து வெட்டிய முடியை உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

இதெல்லாம் பழக்கம் சம்பந்தப்பட்டது. ரெண்டு தடவை போனால் பிடிபட்டுவிடும். நான் பேச வந்தது வேறு. ஒரு ஊரில் அந்நியனுடைய தலையைத் தொடலாமா, அவன் முடி எப்படி இருக்கலாம் என்று தீர்ப்புச் சொல்கிறவர் யார்? கத்தி பிடித்தவர் என்று நாம் நினைக்கிறோம். நான் படித்தும் பார்த்தும் அறிந்தவரை, அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களிடமிருந்துதான் வருகிறது.

இதற்கு நம்முடைய மதுரையிலேயே நானூறு வருஷத்துக்கு முந்தைய சான்று இருக்கிறது.

1606 நவம்பரில் ராபர்ட் தெ நொபிலி என்கிற இத்தாலியப் பாதிரியார் மதுரைக்கு வந்தார். பிறந்தது 1577-இல். இயேசு சபையைச் சேர்ந்தவர், பெரிய இடத்துப் பிள்ளை. முந்தைய வருஷம்தான் கோவாவில் கப்பலை விட்டு இறங்கியிருந்தார். மதுரையில் அப்போது நாயக்கர் ஆட்சி. இவருக்கு முன்பே, 1595-லிருந்து, கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் இங்கே இருந்தார். முன்னாள் சிப்பாய். கடற்கரையிலிருந்து வந்து போகிற பரதவர்களுக்குப் பூசை செய்துகொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. ஐரோப்பியரைப் பரங்கி என்று சொல்லி ஒதுக்கிவைத்த காலம் அது.

நொபிலி தனியாகப் பிரிந்து ஒரு மண் குடிசையில் குடியேறினார். காவி கட்டினார். பாதக்குறடு போட்டுக்கொண்டார். ஒரு வேளை மட்டும் மரக்கறிச் சாப்பாடு. தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் படித்தார். தலையைச் சிரைத்துச் சின்னக் குடுமி வைத்துக்கொண்டார். தத்துவ போதகர் என்று பெயர் சூட்டிக்கொண்டார். ரோமாபுரியில் வளர்ந்த ஒருவர், தெரிந்தவர் யாரும் இல்லாத ஊரில், மதுரைக் கத்திக்குத் தலையைக் குனிந்து கொடுத்திருக்கிறார். அந்தக் காட்சியை எனக்குத் தெரிந்து யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் அந்தத் துணிச்சலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வருகிறது. மொழியைப் படிப்பதும் உணவை மாற்றிக்கொள்வதும் நாலு சுவருக்குள் நடக்கிற காரியங்கள். தலைமுடியை மாற்றிக்கொண்டால் தெருவில் போகிற அத்தனை பேருக்கும் தெரியும்.

இவர் வேஷம் கட்டிய பரங்கிதான் என்று எதிர்த்தவர்கள் மதுரையிலும் உண்டு. இருந்தாலும் பெரிய வழக்கைத் தொடுத்தவர்கள் அவருடைய சொந்த ஆட்கள். 1610-இல் பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் அனுப்பினார். குடுமி, பூணூல், சந்தனம், ஸ்நானம், இவையெல்லாம் விக்கிரக வழிபாட்டின் அடையாளங்கள், ஒரு பாதிரியார் இவற்றை ஏற்கலாமா, மதம் மாறியவர்களை இவற்றோடு இருக்கவிடலாமா என்பது வழக்கு. ரோமிலிருந்த கர்தினால் பெல்லார்மின் நொபிலிக்கு உறவினர்; இதைக் கேள்விப்பட்டு முதலில் கண்டித்துக் கடிதம் எழுதினார். விளக்கம் வந்த பிறகு மனம் மாறினார். 1613-இல் நொபிலி இந்த நாட்டின் பழக்கவழக்கங்களைப் பற்றி லத்தீனில் ஒரு நூலே எழுதினார். குடுமி சமூக அந்தஸ்தின் அடையாளமே ஒழிய சமயத்தின் அடையாளம் இல்லை, வெவ்வேறு சமயத்தாரும் வைத்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். 1619-இல் கோவாவில் இதற்கென்றே மாநாடு கூடியது. கோவா பேராயர் நொபிலிக்கு எதிராக நின்றார். கடைசியில் 1623 ஜனவரி 31 அன்று போப் பதினைந்தாம் கிரகோரி ஆணை பிறப்பித்தார். கோயில் சடங்கோடு சேராமல் இருந்தால் குடுமி இருக்கலாம் என்று தீர்ப்பாயிற்று.

பதின்மூன்று வருஷம், நண்பர்களே. மதுரையில் ஒருவர் தலையில் இருந்த கற்றை முடிக்காக கோவாவும் லிஸ்பனும் ரோமும் பதின்மூன்று வருஷம் எழுதித் தள்ளியிருக்கின்றன. சிரைத்த கத்திக்கு இந்த வழக்கில் எந்தப் பங்கும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தொடுத்த வழக்கு இது.

நொபிலியின் வாதத்தில் எனக்கு ஒப்பாத இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். குடுமி உயர்ந்த அந்தஸ்தின் அடையாளம் என்று சொல்லி அதைக் காப்பாற்றியவர், அந்த அந்தஸ்து சரிதானா என்று கேட்கவில்லை. பரதவர்களோடு பழகினால் மேல்சாதியார் தன்னிடம் வரமாட்டார்கள் என்று பெர்னாண்டஸிடமிருந்தே ஒதுங்கி வாழ்ந்தார். நம் ஊர் மொழியையும் உணவையும் கற்ற மனிதர், நம் ஊர் தீட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். 1656-இல் மயிலாப்பூரில் காலமானார்.

அடுத்ததாக, இங்கிருந்து வெளியே போன ஒருவரைப் பார்ப்போம். மதுரைக்கு அவரைத் தெரியும், அவருக்கு மதுரையைத் தெரியும். 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டில் நாலு முழ வேட்டிக்கு மாறிய காந்தியடிகள்தான் அவர்.

காந்தியின் உடைமாற்றத்தைப் பேசுகிற அளவுக்கு அவருடைய முடியை நாம் பேசுவதில்லை. 1888-இல் லண்டனுக்குக் கப்பலேறும் முன் குடுமியை எடுத்துவிட்டார். தொப்பியைக் கழற்றினால் வெள்ளைக்காரர்கள் சிரிப்பார்களே என்ற பயம்தான் காரணம் என்று அவரே எழுதியிருக்கிறார். லண்டனில் தினமும் கண்ணாடி முன் நின்று வகிடு எடுப்பதோடு மல்லுக்கட்டியிருக்கிறார். அவர் முடி படியாத முடி. லண்டனின் சிரிப்பு பம்பாய் துறைமுகத்துக்கே வந்து அவர் தலையில் கைவைத்துவிட்டது பாருங்கள். லண்டனில் அப்போது யாரும் அவரைப் பார்த்திருக்கக்கூட இல்லை.

பிறகு தென்னாப்பிரிக்கா. பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்கார முடிதிருத்துநரிடம் போகிறார். அந்த ஆள் இளக்காரமாகப் பேசி வெட்ட மறுத்துவிடுகிறார். காந்திக்கு மனம் புண்பட்டது. நேரே போய் ஒரு கிளிப்பர் வாங்கினார், கண்ணாடி முன் நின்று தானே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஓரளவு சரியாக வந்தது, பின்பக்கம் பாழாகிவிட்டது. மறுபடி கோர்ட்டுக்குப் போனால் நண்பர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், தலையை எலி கரம்பிவிட்டதா என்று கேட்கிறார்கள். வெள்ளைக்காரர் என் முடியைத் தொடச் சம்மதிக்கவில்லை, அதனால் எவ்வளவு மோசமாக வந்தாலும் நானே வெட்டிக்கொண்டேன் என்று பதில் சொல்கிறார்.

சத்திய சோதனையில் இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு அவர் எழுதியிருப்பதைத்தான் நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். அந்த முடிதிருத்துநர்மேல் குற்றமில்லை என்கிறார். கறுப்பர்களுக்கு வெட்டினால் வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள், பிழைப்பு கெட்டுவிடும், அதனால் மறுத்தார் என்கிறார். அதோடு நிறுத்தவில்லை. நம்முடைய நாட்டில் தீண்டத்தகாதவர்களுக்கு முடிவெட்ட நம் நாவிதர்களை நாம் விடுகிறோமா, அதற்கான கூலிதான் எனக்கு இங்கே கிடைத்தது என்று எழுதுகிறார். கத்தி பிடித்தவரைத் தாண்டி, அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தை அவர் அன்றைக்கே பார்த்துவிட்டார்.

காந்தி கிளிப்பர் வாங்கிய காலத்தை ஒட்டியே, மராட்டியத்தில் சதாராவில் ஒரு வீட்டில் இன்னொரு காட்சி நடந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் நாவிதர்கள் இருந்தார்கள். காசு கொடுக்க அந்த வீட்டுக்கு வசதியும் இருந்தது. ஆனாலும் தம்பிகளுக்கு அக்காதான் முடி வெட்டிவிட்டாள். தீண்டத்தகாதவர் தலையை நாவிதர் தொடமாட்டார் என்பதால் அந்தப் பெண்ணே தொழிலைப் பழகிக்கொண்டாள். அந்தத் தம்பிகளில் ஒருவர்தான் அம்பேத்கர். விசாவுக்காகக் காத்திருத்தல் என்ற சிறு நூலில் இதை எழுதியிருக்கிறார். 1913-இல் நியூயார்க் போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிறகு லண்டன். வெளிநாட்டில் இருந்த ஐந்து வருஷத்தில் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே அடியோடு போய்விட்டது என்கிறார். திரும்பி வந்து பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியதும், எங்கே தங்குவது, யார் இடம் கொடுப்பார்கள் என்ற கேள்வி வந்து நின்றது. வெளிநாட்டில் சலூன் தேடிய அனுபவத்தைக் கஷ்டமாகச் சொல்கிற நாம், சொந்த ஊரிலேயே சலூன் கிடைக்காத பிள்ளைகளை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கத்தி பிடித்தவர் பக்கமும் ஒரு கதை உண்டு. மலேசியாவில் இருந்தவர்களுக்கு இது தெரியும். அங்கே இந்தியர் சலூன்களில் கத்தி பிடித்தவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோரும் வந்து உட்காருகிற கடைகள் அவை. 2009-இல் மலேசிய அரசு இந்தத் தொழிலுக்கு வெளிநாட்டு ஆள் எடுப்பதை நிறுத்தியது. நகைத் தொழிலுக்கும் ஜவுளிக்கும் சேர்த்தே நிறுத்தினார்கள். ஆள் கிடைக்காமல் கடைகள் திண்டாடின. 2023-இல்தான் மூன்று துறைக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அனுமதி கொடுத்தார்கள். நம் கிராமத்தில் வருஷக் கூலியாக நெல் வாங்கிக்கொண்டு, கொல்லைப்புறம் நின்று, பிரசவம் பார்த்து, வைத்தியம் பார்த்து, சாவுச் சடங்கு வரைக்கும் செய்தும் பெயர் சொல்லி மரியாதையாக அழைக்கப்படாத, முடிதிருத்தும் மருத்துவர் சமூகம் அவர்களுடையது. அவர்கள் பிள்ளை கடல் கடந்து போனதும், அந்த நாட்டு அமைச்சரவை பேசுகிற அளவுக்குத் தேவைப்படுகிறவர் ஆகிவிடுகிறார். அவர் கத்திக்கு அங்கே எல்லாத் தலையும் ஒன்றுதான். இங்கே அதே கத்தியை ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போகவிடாமல் தடுத்தது யார்?

கர்நாடகத்தில் மைசூர் மாவட்டம் நஞ்சன்கூடு வட்டத்தில் ஹல்லரே என்கிற ஊர். தலித்துகளுக்கு முடி வெட்டினார் என்பதற்காக ஒரு முடிதிருத்துநருக்கு ஆதிக்க சாதியார் 50,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். ஊரைவிட்டு ஒதுக்கினார்கள். இது நடந்தது 2020-இல். பிரிட்டோரியாக்காரர் எதற்குப் பயந்தாரோ, அது ஹல்லரேக்காரருக்கு நடந்தே விட்டது. நம் மாவட்டத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யர் தலைமையில் தலித்துகள் நுழைந்தார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். பெருமைப்பட வேண்டிய நாள்தான். ஆனால் தீண்டாமையைக் கணக்கெடுக்க நம் கிராமங்களுக்குப் போகிற அமைப்புகள் கொண்டுவருகிற பட்டியலில் டீக்கடையும் சலூனும் இன்றைக்கும் இடம்பெறுகின்றன. முடி வெட்ட பஸ் ஏறி டவுனுக்கு வருகிற இளைஞர்களை ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் இறங்கும்போது நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவர்களுக்கு இந்த ஊர்தான் வெளிநாடு. யார் என்று யாரும் கேட்காத சலூன் இங்கேதான் இருக்கிறது.

டவுனில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்த பையன்கள் ஞாயிற்றுக்கிழமை நம் சலூன்களுக்கு வருகிறார்கள். ஒரு கடையில் நான் காத்திருந்தபோது மூன்று பேர் வந்தார்கள். கடைக்காரர் நாற்காலியைத் தட்டி, "ஆவோ தம்பி, பைட்டோ" என்றார். பையன் தன் போனில் ஒரு நடிகர் படத்தைக் காட்டினான். கடைக்காரர் விரலால் காதுக்கு மேல் ஒரு கோடு இழுத்து, "இதுவரைக்கும் ஜீரோ?" என்று கேட்டார். பையன் தலையாட்டினான். அப்போது பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர், "ஏம்ப்பா, இவனுகளுக்குன்னு தனியா ஒரு துண்டு வச்சுக்கிறக் கூடாதா?" என்றார். கடைக்காரர் கையை நிறுத்தவில்லை. "எல்லாருக்கும் துவைச்ச துண்டுதாண்ணே" என்று சொல்லிவிட்டு மெஷினைப் போட்டார்.

அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியாது என்று பெரியவர் நினைத்திருப்பார். குரலுக்கு மொழி தேவையில்லை. கண்ணாடியில் அவன் கண் ஒரு தடவை பெஞ்சுப் பக்கம் வந்து போனது. அங்கே நானும் உட்கார்ந்திருந்தேன். நம் பிள்ளைகள் அபுதாபியிலும் சிங்கப்பூரிலும் ஏதோ ஒரு கண்ணாடியில் இதே மாதிரி ஒரு பெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே இருக்கிறவர்கள் நம் பிள்ளையை எப்படிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறோமோ, அப்படி நாம் இங்கே பார்க்கப் பழகாமல் கேட்பதற்கு நமக்கு உரிமை கிடையாது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 15-ஆம் பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று சொல்லி எந்தக் கடைக்குள்ளும் ஒருவரைத் தடுக்கக் கூடாது என்கிறது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் 6-ஆம் பிரிவு, தீண்டாமை காரணமாகச் சேவை மறுப்பவருக்கு ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும் உண்டு என்று சொல்கிறது. பலரும் 6-ஆம் பிரிவோடு நிறுத்திவிடுகிறார்கள். 7-ஆம் பிரிவையும் படியுங்கள். தீண்டாமையைக் கடைப்பிடிக்கும்படி இன்னொருவரைத் தூண்டுகிறவரும் அதே தண்டனைக்கு உரியவர். பெஞ்சில் உட்கார்ந்து கடைக்காரரை மிரட்டுகிறவரை எழுதிவைத்தது போல இருக்கிறது அந்தப் பிரிவு. வழக்குப் பதிகிறபோது கடைக்காரரோடு விட்டுவிடாமல் அவரையும் சேர்க்கும்படி நாம் கேட்க வேண்டும்.

வழக்கு வரைக்கும் போகாமலே நாம் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. உங்களில் பலருக்குப் பக்கத்து ஊர்களில் சொந்த வீடு, நிலம், உறவு எல்லாம் இருக்கிறது. அங்கே திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ போகும்போது அந்த ஊர் சலூனுக்குப் போங்கள். கடைக்காரர் தன் பிழைப்புக்குப் பயந்துதான் ஆளைப் பார்த்து மறுக்கிறார். அந்தப் பயத்தை எடுக்க வாடிக்கையாளரால்தான் முடியும். எல்லோரும் காதால் கேட்கிற மாதிரி அவரிடம் சொல்லுங்கள்: "அண்ணே, யார் வந்தாலும் உட்கார வச்சு வெட்டுங்க. அதுக்காக எவன் உங்க கடைக்கு வராம நின்னாலும், நானும் என் வீட்டு ஆளுகளும் உங்ககிட்டத்தான் வருவோம்."